காசு அடித்த சித்தப்பா

எங்கள் சித்தப்பா காசு அடிப்பார். இதை இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லா வினையும் அதிலிருந்துதான் வந்தது.

எழுபதுகளில் மலேசியாவில் பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவின் தம்பியான சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். தோட்ட ஆபீசில் சம்பளக் கணக்கு எழுதும் கிராணி. வெள்ளைக்கார துரை தன் நாட்டுக்கே திரும்பிப் போனபோது மற்ற கிராணிமாருக்குக் குடையும் கோட்டும் கிடைத்தன. சித்தப்பாவுக்கு ஒரு பிஸ்கட் டின். உள்ளே பச்சை பூத்த வெண்கலக் காசுகள், கூடவே ஒரு தடித்த புத்தகம். ரோமாபுரி ராஜாக்கள் காலத்தில் துருக்கிப் பக்கத்து ஊர்கள் தங்களுக்கென்று அடித்துக்கொண்ட சில்லறையாம். ஒரு பக்கம் ராஜாவின் தலை. மறுபக்கம் அந்தந்த ஊர் தன் இஷ்டம்போல ஒரு சாமியையோ கோயிலையோ ஆற்றையோ போட்டுக்கொள்ளும். புளி போட்டுத் துலக்கினால் பளிச்சென்று இருக்குமே என்றார் அம்மா. அன்றைக்கே டின் சித்தப்பாவின் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

கொஞ்ச காலம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு அது போதவில்லை. எப்படி அடித்தார்கள் என்பது நாமே அடித்துப் பார்த்தால்தான் விளங்கும் என்று கிளம்பிவிட்டார். ஆலை ஃபிட்டரிடம் கெஞ்சி இரண்டு இரும்புத் துண்டுகள் வாங்கி, முனையில் இடவலம் மாற்றிப் பள்ளமாகச் செதுக்கினார். வெண்கலம் உருக்க வசதியில்லாததால் மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை உருக்கி வில்லைகளாக ஊற்றினார். ஓர் அச்சு கீழே மரக்கட்டையில் செருகியிருக்கும். அதன்மேல் வில்லை, வில்லைமேல் இன்னோர் அச்சு. ஓங்கி ஒரே அடி. முதலில் பாதித் தலைதான் விழுந்தது. துரை கொடுத்த காசுகளிலும் பாதித் தலைகள் இருந்ததால் அவருக்கு அதில் பெரிய சந்தோஷம். ஊருக்கு ஊர் சின்னம் இருக்கும்போது நமக்கு இல்லாமலா என்று எங்கள் தோட்டத்துக்கும் ஒன்று வெட்டினார். பால் கோப்பை கட்டிய ரப்பர் மரம். மறுபக்கத்துத் தலை அப்பாவுடையது. மூக்கைப் பெரிதாக்கிவிட்டான் என்று அப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சித்தப்பாவுக்குக் கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. வந்த வரன்களுக்கெல்லாம் ஏதாவது குறை சொல்வார். மெர்போக்கிலிருந்து ஒரு டீச்சரின் போட்டோவைத் தரகர் கொண்டுவந்தபோது மட்டும் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினார். எங்களைப்போன்ற வாண்டுகளுக்குப் போட்டோவைக் காட்டவில்லை. அந்த வாரமே அப்பாவின் தலையை அரத்தால் தேய்த்துவிட்டு ஒரு பெண்ணின் தலையை வெட்டினார். முதல் காசை என்னிடம்தான் காட்டினார். காசில் பெண் இருந்தால் அது இங்கிலாந்து ராணிதான் என்பது எனக்குத் தெரியும்.

"ராணி மூக்குக்கண்ணாடி போடுமா சித்தப்பா?"

"இந்த ராணி போடும்லா."

பெண்ணின் தாய்மாமனும் உறவுக்காரர்கள் இருவரும் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். சித்தப்பா ஆரஞ்சு பாட்டில் வாங்க மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தாய்மாமன் அம்மாவிடம் மெல்லக் கேட்டார்.

"தம்பிக்கு வேற ஏதும் பழக்கம் உண்டாம்மா?"

கொழுந்தனைக் கேலி செய்யாவிட்டால் அம்மாவுக்குப் பொழுது போகாது. "குடி கிடையாது, சிகரெட்டு கிடையாதுண்ணே. நேரம் கெடச்சா காசு அடிப்பாரு. அவ்ளோதான்லா."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்கள். சித்தப்பா பாட்டில்களோடு வந்து இறங்கியபோது வாசலில் நாங்கள் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தோம்.

பிறகு தரகர் வந்து விஷயத்தை உடைத்தார். சம்பளக் கிராணி ஆபீஸ் பணத்தைச் சுருட்டுவதை வீட்டுக்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள், அந்த இடம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்களாம். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் வேகமாக எழுந்து சேலையை மாற்றினார். டின்னையும் அச்சையும் எடுத்துக்கொண்டு மெர்போக் போய், சொன்னது இந்தக் காசு அடிப்பதைத்தான் என்று காட்டிவிட்டு வருகிறேன் என்றார். சித்தப்பா வாசலை மறித்து நின்றார்.

"வேணாம் அண்ணி. ரெண்டாவது அடி அடிச்சா மொகம் ரெட்டையாயிரும்."

காசைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நான் நினைத்தேன். அம்மா சேலையை மறுபடி மாற்றிக்கொண்டார். அவர் போயிருக்க வேண்டும். சித்தப்பா எவ்வளவு தடுத்தாலும் போயிருக்க வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு இது ஆறவில்லை.

அச்சுகள் ஃபிட்டரிடமே திரும்பிப் போயின. கண்ணாடி ராணியை மட்டும் சித்தப்பா என் கையில் வைத்து, விளையாடு என்றார். ஈயம் நல்ல கனம். வீசினால் போட்ட இடத்தில் நிற்கும். பாண்டி விளையாட அதைப்போல ஒரு சில்லு தோட்டத்தில் எவளிடமும் இல்லை. வாசலில் கட்டம் கிழித்துச் சாயங்காலம் முழுக்க நொண்டியடிப்பேன். ஆபீஸ் விட்டு வந்த சித்தப்பா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவை ஒரு சொல் குறை சொன்னதுமில்லை. அம்மாவும் அதன்பிறகு அவரைக் கேலி செய்யவில்லை. சாப்பாடு போடும்போது ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவார், அவ்வளவுதான். சித்தப்பா காலமான பிறகு ஒரு நாள் அந்தச் சில்லைத் தேடி எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போட்டோவுல அந்தப் பொண்ணு இப்பிடித்தான் கண்ணாடி போட்டிருந்திச்சி," என்றார்.

நான் பாண்டி ஆடிய அந்த நாட்களில், கட்டத்தில் விழும்போது சில சமயம் ராணியின் முகம் மண்ணைப் பார்த்திருக்கும். அப்போதெல்லாம் சித்தப்பா படியிலிருந்தபடியே, "திருப்பிப் போடும்மா," என்பார். விழுந்த சில்லைத் தொட்டால் ஆட்டம் போய்விடும் என்று நான் சிடுசிடுப்பேன். இவ்வளவு படித்தும் பாண்டி ஆட்டம் தெரியாத மனிதராக இருக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் கோபம்.