கோணக் கொத்தன் போட்ட தரை

சென்னியப்பனுக்கு ஊர் வைத்த பேர் கோணக் கொத்தன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயமுத்தூர் போகும் வண்டிப்பாதையில், சோளக்காட்டுக்கும் பனைகளுக்கும் நடுவே கிடந்த மயிலஞ்சள்ளைதான் அந்த ஊர். இருநூறு வீடு இருக்கும். அதில் பாதிக்கு மேல் சென்னியப்பன் கட்டியவை. எந்தச் சுவரிலும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம், ஒரு நெல் கனம் விலகியிருக்காது. அந்தச் சுவர்களில் முதுகைச் சாய்த்து வெற்றிலை மென்றுகொண்டுதான் அவனைக் கோணல் என்றார்கள்.

திசை விஷயத்தில் அவன் யாரையும் நம்ப மாட்டான். மனை போடும் இடத்தில் ஒரு முளைக்குச்சியை நடுவான். சுற்றி ஒரு வட்டம் கீறுவான். காலை நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு கல், பிற்பகல் நிழல் தொடும் இடத்தில் ஒரு கல். இரண்டுக்கும் இடையே கயிற்றை இழுத்துக் கட்டினால் அதுதான் கிழக்கு மேற்கு. வீட்டுக்காரப் பண்ணாடி தேங்காயும் சூடமுமாகக் காத்து நின்றாலும், வானம் மூட்டமாக இருந்தால் கயிற்றைத் தொட மாட்டான். "சூரியன் வரட்டுங்க" என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவான். பெரிய மனிதர்களைக் காக்க வைக்கிற கொத்தனை எந்த ஊரும் மறக்காது, வசமாக ஒரு நாள் கிடைக்கட்டும் என்று வைத்திருக்கும்.

அந்த நாளைக் கொண்டுவந்தவர் மதார்சா ராவுத்தர். அவருடைய முன்னோர் குதிரை விற்றார்கள். இவர் தோல் விற்றார். கிடங்கு நிறையத் தோல், மனம் நிறையத் தன்னைப் பற்றிய மதிப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டில், ஊர் ராவுத்தர்மார் நாலு தலைமுறையாகத் தொழுதுகொண்டிருந்த கீற்றுப் பள்ளிவாசலைப் பிரித்துவிட்டுக் கல்லால் கட்டுவதென்று முடிவு செய்தார். கடவுளுக்காகத்தான் என்று அவர் சொன்னார். பாதையில் போகிற வண்டிக்காரன் ஒருவன் விடாமல் பார்க்கும்படி, முகப்பில் தன் பேரை எத்தனை பெரிய எழுத்தில் வெட்டலாம் என்பதையும் அதே மூச்சில் விசாரித்தார்.

சென்னியப்பன் பழைய பள்ளியைப் பிரிக்கும் முன்பே அது பார்க்கும் திசையை அளந்து வைத்துக்கொண்டான். நேர் மேற்கே பத்து முழம் போனால் நாலு முழம் வடக்கே ஒதுங்கியது. தொழுகைக்கு அழைக்கும் மோதினாரிடம் கேட்டான். அந்தக் காலத்தில் வந்த, மார்க்கம் படித்த ஒரு ஆலிம்சா மக்காவைக் குறிவைத்துப் போட்ட கோடு அது என்றார் கிழவர். சென்னியப்பனுக்கு மக்கா என்பது கடலுக்கு அந்தப்புறம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒருவன் யோசித்துப் போட்ட கோடு எது, குருட்டாம்போக்கில் போட்டது எது என்று அவன் கண்ணுக்குத் தெரியும். பத்துக்கு நாலு என்றே அஸ்திவாரக் கயிற்றைக் கட்டினான்.

ராவுத்தர் வந்து பார்த்தார். பாதையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், முகம் சுருங்கியது.

"ஏப்பா சென்னியப்பா, பள்ளி என்ன பாதைக்கு ஒருக்களிச்சுப் படுத்தாப்பல இருக்குது? முகப்பு நேரா நிக்க வேண்டாமா?"

"பழைய பள்ளி இப்பிடித்தானுங்க. பத்துக்கு நாலுங்க."

"மக்கா மேக்கதானப்பா இருக்குது? எனக்கே நீ மக்காவக் காட்டித் தர்றயா? பாதைய ஒட்டிக் கயித்தக் கட்டு."

பாதையை ஒட்டிக் கட்டினால் நேர் மேற்குக்கும் தெற்கே சாய்ந்து போகும். சென்னியப்பனுக்கு அது தெரியும். மோதினாருக்கும் தெரியும். கூட நின்ற ஏழெட்டுப் பேரில் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். எல்லாருமாகச் சேர்ந்து ராவுத்தரின் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சென்னியப்பனும்தான். ஒரு வருஷ வேலை, அதைக் கையில் வைத்திருப்பவர் அவர். கயிற்றை அவிழ்த்து மாற்றிக் கட்டினான். அவன் வாழ்நாளில் தெரிந்தே போட்ட ஒரே தப்புக் கோடு அது. அதற்காகத் தன்னைத் தானே காறித் துப்பிக்கொண்டதைப் போல ஊர்கூடத் துப்பவில்லை.

சுவர் எழுந்தது. கூரை ஏறியது. பேர் வெட்டுகிற வேலைக்காக ராவுத்தர் கோயமுத்தூர் போனார். கல்தச்சன் தன் பேரில் ஒரு சுழி விட்டுவிடக் கூடாதே என்று பன்னிரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் பன்னிரண்டு நாளில் சென்னியப்பன் உள்ளேயும் வெளி முற்றத்திலும் தரைக்குக் கல் பாவினான். சுவரை ஒட்டிப் பாவவில்லை. பத்துக்கு நாலு என்று குறுக்கே கயிறு கட்டி, அந்தக் கயிற்றோடு பாவினான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓடிய இணைப்புகள் சுவரை விட்டு விலகி, வடமேற்கே ஒரே வாக்கில் ஓடின. மோதினார் தூணோரம் நின்று பார்த்தார்.

திரும்பி வந்த ராவுத்தர் குதித்தார். ஆனால் திறப்பு விழாவுக்கு நாலே நாள், ஆட்டுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. உள்ளே பாயை விரித்து மூடினார்கள். முற்றத்துக் கல் மட்டும் வெயிலில் அப்படியே கிடந்தது. பிரியாணி நன்றாக இருந்ததால் திசையைப் பற்றி யாரும் பேசவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, மக்கா போய் வந்த ஒரு ஹாஜியார் வழியில் தொழ இறங்கினார். சட்டைப் பையிலிருந்து காம்பசை எடுத்துப் பார்த்து, பள்ளி திசை தப்பி நிற்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் கலங்கியது. ராவுத்தர் கலங்கவில்லை. எல்லாரையும் முற்றத்துக்குக் கூட்டிப் போனார்.

"இதப் பாருங்க. தரையவே இப்பிடிக் கோணலாப் போட்டவன் சுவர எப்பிடி நேராப் போட்டிருப்பான்? கொத்தன நம்பிக் கெட்டம் போங்க."

பாதையை ஒட்டிக் கயிற்றை மாற்றச் சொன்னது இவர்தான் என்பதை அன்று பார்த்த ஏழெட்டுப் பேரும் அங்கேதான் நின்றார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். சுவரை இடிக்கவும் மனமில்லை, ராவுத்தரை எதிர்க்கவும் தெம்பில்லை. திட்டுவதற்கு ஒரு கொத்தன் கிடைத்தது எத்தனை வசதி! தொழுகை பழையபடி சுவரைப் பார்த்தே நடந்தது.

இந்தப் பக்கம் கவுண்டர்மார் சும்மா இருந்தார்களா? மக்கா எங்கே இருந்தால் அப்புசாமிக் கவுண்டருக்கு என்ன? ஆனாலும் கட்டிக்கொண்டிருந்த களத்து வீட்டை நிறுத்திவிட்டு, திசை தப்பினவன் கை பட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று வேறு ஆளை வைத்தார். அவர் குடியிருந்த வீடே சென்னியப்பன் கட்டியது. அதைவிட்டு அவர் வெளியேறவில்லை. கிணற்றடியில் சென்னியப்பன் பெண்டாட்டி மயிலாத்தாளைப் பார்த்தால் பெண்கள், "உங்கூட்டுக்காரர எங்க அடுப்புப் பக்கம் விட்றாதே ஆத்தா, சோறு கோணிப்போயிரும்" என்று சிரித்தார்கள். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பதில் பேசாமல் வந்துவிடுவாள். வந்து புருஷனிடம் பேசுவாள்.

"நீங்க சொன்னது ஒண்ணு, அவரு கட்டச் சொன்னது ஒண்ணு. அத வாயத் தொறந்து சொன்னா என்னங்க?"

"கயித்த மாத்திக் கட்டுன கை என்னுதுதானே" என்பான் சென்னியப்பன்.

உள்ளூரில் மண்வெட்டிக்குப் பிடி போடக்கூட யாரும் கூப்பிடாமல் போகவே, மூணாறு மலைக்குத் தேயிலைத் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயங்கள் கட்டப் போனான். போன இடத்தின் பேரும் பள்ளிவாசல். அங்கே திசை கேட்பார் இல்லை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேரை அடைக்கிறவன் வாசல் எந்தப் பக்கம் என்றா கேட்பான்? ஐந்து வருஷம் மழையிலும் பனியிலும் நின்று, நெஞ்சு முழுக்கச் சளியோடு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு சித்திரையில் வீட்டுக்கு வந்து படுத்தான்.

அந்த வைகாசியில்தான் கீழக்கரையிலிருந்து ஒரு ஆலிம்சா வந்து, பள்ளிவாசல் முற்றத்தில் பத்து நாள் பிரசங்கம் செய்தார். மார்க்கம் மக்காவில் தோன்றியது, மதீனாவில் நிலைத்தது, பாக்தாதுக்கும் சமர்கந்துக்கும் போனது எல்லாவற்றையும் கண்ணால் கண்டவர் போலச் சொன்னார். மதீனாவில் எழுந்த பள்ளி வெறும் பச்சை மண்கல்லும் பேரீச்ச மரத்தூணும்தான், நபிகள் நாயகமே மற்றவர்களோடு சேர்ந்து கல் சுமந்தார்கள், அந்தச் சுவரில் எவர் பேரும் இல்லை என்றார். கூட்டத்திலேயே பெரிய சத்தமாக அழுதவர் மதார்சா ராவுத்தர். அவர் தலைக்கு மேலே அவர் பேர் ஒரு முழ உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது.

நாலாம் நாள் ஆலிம்சா, திசை சரியில்லையோ என்று தனக்கு முதல் தொழுகையிலிருந்தே உறுத்துகிறது என்றார். "இப்படியே தொழுதால் நம்ம கப்பல் ஆப்பிரிக்காக் கரையில் போய் ஒதுங்கும்" என்று சிரித்தார். அதற்கு ஒரு வழியும் சொன்னார். நட்சத்திரமும் நிழலும் பார்த்துக் கணக்குப் போட்ட அந்தக் காலத்து அறிஞர்கள் எழுதி வைத்தது அது. வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் மக்காவுக்கு நேர் உச்சியில் நிற்கும். வைகாசி பதினைந்து அதில் ஒன்று. அங்கே உச்சியாகும்போது இங்கே உச்சி சாய்ந்து ஆறு நாழிகை. அந்த நேரத்தில் சூரியன் நிற்கும் பக்கம்தான் மக்கா. நட்டுக்குத்தலாகத் தொங்கும் ஒரு கயிற்றின் நிழலே திசை சொல்லிவிடும்.

"நல்ல தூக்குக்குண்டு ஒன்று வேண்டுமே. யாரிடம் இருக்கிறது?"

மோதினார் எழுந்தார். எட்டு வருஷத்தில் அவர் செய்த முதல் நல்ல காரியம் அது. "சென்னியப்பங்கிட்ட இருக்குதுங்க" என்றார். கோணக் கொத்தனா என்று பின்வரிசையில் இளித்தார்கள்.

பதினைந்தாம் தேதி காலையிலிருந்து மேகம். சென்னியப்பன் இருமிக்கொண்டே வந்து, முற்றத்தில் மூன்று மூங்கிலைக் கூட்டிக் கட்டித் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டான். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஆலிம்சா கடிகாரத்தைப் பார்த்தார், ராவுத்தர் வானத்தைப் பார்த்தார். மேகம் விலகக் கூடாது என்று அந்த நிமிஷம் வேண்டிக்கொண்டவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

"இப்போது" என்றார் ஆலிம்சா. வெயில் பளிச்சென்று விழுந்தது. கயிற்றின் நிழல் கல்லில் இறங்கி, இரண்டு கல்லுக்கு நடுவே ஓடிய இணைப்பின் மேல் அப்படியே படுத்தது. ஒரு நூல் இந்தப் பக்கமில்லை, ஒரு நூல் அந்தப் பக்கமில்லை. ஆலிம்சா குனிந்தார். அந்த இணைப்பு வாசல் தாண்டி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே போய், பாயைச் சுருட்டச் சொன்னார். உள்ளேயும் அதே கோடு ஓடியது.

"இந்தத் தரையைப் போட்டது யார்?"

"நானுங்க" என்றான் சென்னியப்பன்.

"எட்டு வருஷமாக ஏன் சொல்லவில்லை?"

"நாஞ் சொல்லலீங்க. கல்லு சொல்லிக்கிட்டேதானுங்க கெடக்குது."

ஆலிம்சா அங்கேயே நின்று சொன்னார். நபிகள் நாயகம் மதீனாவுக்கு வந்து பதினாறு பதினேழு மாதம் வரை எல்லாரும் பைத்துல் முகத்தஸ் என்னும் பழைய புனிதத் தலத்தைப் பார்த்துத்தான் தொழுதார்கள். பிறகு மக்காவைப் பார்க்கும்படி கட்டளை வந்தது. சேதி எட்டியபோது ஒரு பள்ளியில் தொழுகை பாதியில் இருந்தது. யாரும் தலைவரைக் கேட்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை, நின்ற நிலையிலேயே திரும்பினார்கள். "நமக்குத் திரும்ப எட்டு வருஷம் ஆகியிருக்கிறது" என்றார். அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்கு எல்லாரும் கல் இணைப்பில் கால்விரலை ஒட்டி வைத்து, சுவரைப் புறக்கணித்துச் சாய்வாக வரிசை கட்டினார்கள். இமாமுக்கு நேர் பின்னே பட்டுப் பாய் விரித்து வைத்திருந்த ராவுத்தருக்கு, வரிசை திரும்பியதில் செருப்பு விடும் மூலை கிடைத்தது.

மறுநாள் ராவுத்தர் அவனைத் தோல் கிடங்குக்குக் கூப்பிட்டார். அவன் வாழ்நாளில் முதல் தடவையாக உட்காரச் சொன்னார்.

"நடந்தது போகட்டும். தரைய அப்பிடிப் போடச் சொன்னது நாந்தான்னு ஒரு வார்த்தை சொல்லீரு. சுவரு பாதைக்கு, தரை மக்காவுக்கு, ரெண்டும் என் யோசனை. புதுக் கிடங்கு கட்டோணும், நீயே கட்டு. இனி உன்னக் கோணக் கொத்தன்னு எவனாச்சும் சொன்னா நாக்க அறுத்துப்போடறேன்."

மயிலாத்தாள் குடத்தோடு தலை குனிந்து வருவது சென்னியப்பன் கண்ணில் வந்தது. ராவுத்தர் சொன்னால் ஊர் கேட்கும். நாளைக்கே பேர் மாறிவிடும். ஒரே ஒரு பொய், அதுவும் தானாகச் சொல்வதில்லை, ஆமாம் என்றால் போதும். கயிற்றை மாற்றிக் கட்டிய கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். எழுந்தான்.

"சுவத்துக்கு உங்க பேச்சக் கேட்டனுங்க. தரை என்னுதுங்க."

வீட்டில் சொன்னபோது மயிலாத்தாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "இந்த வாயி அன்னிக்கு எங்கீங்க போச்சு?" என்றாள். முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, அவனுக்கு இன்னொரு கை களி வைத்தாள்.

ஒரு மாதத்துக்குள் ஊரில் கதை பரவிவிட்டது: மதார்சா ராவுத்தர் தூரப் பார்வையோடு தரையை மட்டும் மக்காவுக்கு நேராகப் போடச் சொல்லியிருந்தாராம், விவரம் புரியாத கொத்தன் சுவரைத்தான் கெடுத்துவிட்டானாம். நிழல் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்களே அதைச் சொன்னார்கள். சென்னியப்பனுக்கு மாட்டுத் தொட்டியும் துவைக்கிற கல்லும் போடுகிற வேலைதான் வந்தது. அவற்றையும் நிழல் பார்த்தே போட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் அவன் செத்தான். பாடை பள்ளிவாசல் பாதையில் போனபோது அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். யார் என்று ஒரு வண்டிக்காரன் கேட்டான். "கோணக் கொத்தன்" என்றார்கள், அவன் போட்ட கோட்டில் கால் வைத்துத் தொழுதுவிட்டு வந்தவர்கள்.