ஊடுபாலும் வூட்டுப்பாலும்

மகளுக்குக் குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியில் ஒரு சேதி சொன்னார்கள். பரிசோதனையில் பெண் குழந்தை என்று வருகிறதாம். வெளியே பார்த்தால் பெண் என்றும் சொல்ல முடியவில்லை, ஆண் என்றும் சொல்ல முடியவில்லை. தினமும் கொடுக்க ஒரு மருந்து எழுதிக் கொடுத்து, ஆபரேஷன் செய்து சரியாக்கிவிடலாம் என்றார் டாக்டர். மாப்பிள்ளை தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அவருக்குத் தென்காசிப் பக்கம். ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை. குழந்தைக்கு மொட்டை போட ஊருக்குப் போவதற்குள் ஆபரேஷன் முடிய வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை.

"அத்தே, எங்க குலசாமி கோயில்ல மொட்டை எடுத்ததும் எல்லாரு முன்னாலயும் வச்சுத்தான் தண்ணி ஊத்துவாங்க. ஒருத்தி பாத்தாலும் ஊரு பூரா தெரிஞ்சிரும்லா."

குழந்தையோ நன்றாகத்தான் இருந்தது. என் சுண்டுவிரலைப் பிடித்தால் விடாது, அப்படி ஒரு பிடி. மகள்தான் அதன் துணியை அவிழ்க்கும்போதெல்லாம் அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மண்ணூர்த் தெருவில் மைக் கட்டிய ஆட்டோ வந்தது. நான் அப்போது மாடு வைத்திருந்தேன். நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பையன்கள் என்னிடம்தான் பால் வாங்குவார்கள். பாக்கெட் பால் கடை வந்ததும் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். அதில் ஒரு மதுரைக்காரன், அங்கே வாங்கி டீ போட்டுக் குடித்துவிட்டு, உன் பால் மாதிரி வராது ஆயா என்று என்னிடமே வந்து சொல்வான். அவன் கிடக்கட்டும். மைக்கில், "ஊடுபால் மக்களின் உரிமை, சமுதாயக் கூடத்தில் கூட்டம், அனைவரும் வாரீர்" என்றார்கள். என் காதில் வூட்டுப்பால் என்று விழுந்தது. வீட்டில் பால் கறந்து விற்கிறவர்கள்தானே வூட்டுப்பால் மக்கள்? நமக்கும் கேட்க ஆள் வந்துவிட்டது என்று நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

பேன்ட், சட்டை போட்ட ஒருவர் பேசினார். ரொம்ப நேரம் பால் விஷயத்துக்கே வரவில்லை. நானே எழுந்துவிட்டேன்.

"எல்லாம் சரி தம்பி. நாங்க தண்ணி கலக்கறோம்னு பாக்கெட் கடக்காரன் சொல்லிக்கினு கீறான். அத்தக் கேக்க மாட்டியா?"

கூடமே சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தி, "மாட்டயும் இட்டாந்துகிறியா ஆயா?" என்றாள்.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஆயா, இது குடிக்கிற பால் இல்ல. ஆண்பால், பெண்பால்னு சொல்றாங்கல்ல, அந்தப் பால். ஊடுன்னா நடுவுல. சில பேருக்குப் பொறக்கும்போதே உடம்பு ஆணு, பொண்ணுன்னு பிரிச்சுச் சொல்ற மாதிரி இருக்காது. அவங்கதான் ஊடுபால். நானும் அப்படித்தான் பொறந்தேன்."

எனக்கு மாடும் பாலும் மறந்துபோயின. கைக்குழந்தையாக இருந்தபோது அவரைப் பெண்ணாக்குவதாகச் சொல்லி அறுத்திருக்கிறார்கள். வளர்ந்தால் அவர் ஆணாக இருக்கிறார். அறுத்த இடத்தில் வலி மட்டும் போகவில்லை. "என்னக் கேக்காம அறுத்துட்டாங்க ஆயா. இனிமே ஒட்ட முடியாது" என்றார்.

கூட்டம் முடிந்ததும் அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். மாப்பிள்ளை முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்தவர் அதைக் கண்டுகொள்ளாமல் தன் கதையைச் சொன்னார். மாப்பிள்ளை தானாகவே திரும்பி உட்கார்ந்ததும் ஆபரேஷன் பேச்சை எடுத்தார்.

"மூத்திரம் போறதுல தடை, உசுருக்கு ஆபத்துன்னா வைத்தியம் பண்ணியே ஆகணும். பாக்கறதுக்கு நல்லா இருக்கணும்னு அறுக்கறது வேற. அதைக் கொழந்தை வளந்து சொல்லட்டும். எதுக்காக ஆபரேஷன்னு டாக்டரைக் கேளுங்க."

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் போனோம். மகள்தான் கேட்டாள்.

"மூத்திரம் நல்லாத்தான் போகுது. மருந்து மட்டும் விடாம குடுங்க" என்றார் டாக்டர். "ஆனா இப்படியே விட்டா உங்களுக்குத்தான் நாளைக்குச் சங்கடம்."

"எங்க சங்கடத்துக்கு எதுக்கு சார் கொயந்தைய அறுக்கணும்?"

என் மகள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. டாக்டர் கோபப்படவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

"யோசிச்சாச்சு சார். வேண்டாம்" என்றார் மாப்பிள்ளை.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் குழந்தை அவர் மடியில் தூங்கியது. "அப்போ மொட்ட இன்னா ஆவறது மாப்ள?" என்றேன்.

"போவோம் அத்தே. தண்ணிய நானே ஊத்துதேன். எவளாவது எட்டிப் பாத்தா அவ தலையிலயும் ஒரு வாளி ஊத்துதேன்."

நான் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. மகள் என்னைத் திட்டினாள்.