தகரக் கூரையைப் பிரித்த ஹத்தூன்

ஹத்தூனுக்கு மழை என்றாலே ஆகாது. ஜாக்கோ என்ற ஊரிலிருந்து புது நாட்டுக்கு விமானம் ஏறி வந்த யூதக் குடும்பம். இறங்கியதும் கிடைத்தது வீடா என்ன, ஒரு கூடாரம். முதல் குளிர்காலம் முழுக்க ஒழுகும் துணிக்கு அடியில் நனைந்த கம்பளியோடு தூங்கிய பிள்ளை அவள்.

கல்யாணமாகி ஜெருசலேமில் ஒரு குடியிருப்பின் உச்சி மாடியில் வீடு அமைந்தது. பால்கனிக்கு மட்டும் கூரை இல்லை. ஒரு தகரம் போடச் சொல்லி அவள் நச்சரித்த நச்சரிப்பு தெருவுக்கே தெரியும். கணவன் ஷாபோ கொத்தனார். ஊருக்கெல்லாம் கட்டுவான், சொந்த வீட்டு வேலை என்றால் "நாளைக்கு" என்பான். பத்து வருஷம் இதே பதில். போன குளிர்காலத்தில்தான் ஒருவழியாகப் போட்டுக் கொடுத்தான்.

"அப்ப சுக்கோத் பந்தல்? வானம் தெரியணுமே" என்று அவளே கேட்டாள். சுக்கோத் பண்டிகையின் ஏழு நாளும் வானம் தெரியும் ஓலைப் பந்தலில்தான் சாப்பிட வேண்டும்; அதுவரை அதைப் பால்கனியில்தான் கட்டினார்கள்.

"கீழ முற்றத்துல கட்டிக்கிறேன். எனக்குக் கால் இல்லையா?"

கோடையில் ஷாபோவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. குழறினாலும் பேச்சு வரும், ஆனால் அவன் பேசவில்லை. சுவரைப் பார்த்தபடி ரெண்டு வாய் சாப்பிடுவான். முற்றத்துக்குத் தூக்கிப் போகிறோம் என்றதற்கு, மூட்டை மாதிரி இறங்க மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினான். மனுஷன் கண்ணெதிரே அணைந்துகொண்டிருந்தான்.

பண்டிகைக்கு முந்தைய பகலில் எதிர்வீட்டு ஒவாதியா ஆறுதல் சொல்ல வந்தார்.

"நோயாளிக்கு விலக்கு இருக்கு அக்கா. கட்டில்லயே சாப்பிடட்டும், பாவமில்ல."

"இன்னிக்குப் பந்தலுக்கு விலக்கு. நாளைக்குச் சோத்துக்கு விலக்கு. அப்புறம்? அதெல்லாம் ஆகாது."

அவள் பால்கனியில் குறுக்குக் கட்டைகள் கட்டி, தகரத்துக்கு அடியிலேயே பேரீச்ச ஓலைகளைப் பரப்பினாள். பிறகு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, சுத்தியலும் கடப்பாரையுமாக மொட்டை மாடிக்கு ஏறினாள்.

"ஐயோ அக்கா! பத்து வருஷம் கெஞ்சி வாங்கின கூரையாச்சே!"

"எகிப்துலேருந்து வந்த நம்ம முன்னோருங்க பாலைவனத்துல நாப்பது வருஷம் தகரம் போட்டா படுத்தாங்க? பேசாம கயித்தைப் பிடிய்யா!"

ஷாபோ அடித்த ஆணி லேசில் வருமா? இந்த வீட்டுக்கு அவன் கை செய்த கடைசி வேலை அது. ஒவ்வொரு ஆணியும் கழன்றபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள், ஆனால் கையை நிறுத்தவில்லை. கடைசித் தகடும் மாடிக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

கட்டிலைப் பால்கனிக்குத் தள்ளினாள். ஓலைச் சந்தில் வானம் தெரிந்தது. ஷாபோ வெகுநேரம் அண்ணாந்து பார்த்தான்.

"செல்லாது" என்றான்.

"என்னது?"

"தகரம் இருக்கையிலேயே ஓலை போட்டிருக்கே. அது போனப்புறம்ல போடணும். எங்கப்பன் வீட்டுல இதை ஒத்துக்கமாட்டாங்க. தூக்கிட்டுத் திரும்பப் போடு."

"ஒத்துக்கிற ரப்பி குருமாரும் உண்டு அண்ணே, சூரியன் இறங்குது" என்றார் ஒவாதியா.

"நீ சும்மா இரு. போன வருஷம் உன் பந்தல் காத்துல பறந்துச்சு."

ஹத்தூனின் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. சூரியன் விழுந்துவிட்டால் பண்டிகை தொடங்கிவிடும், வேலை செய்யக்கூடாது. ஆனாலும் அந்தத் திட்டு அவள் காதில் தேனாய் விழுந்தது. ஓலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் திரும்பப் போட்டாள்.

"அடர்த்தியா வேணாம், நட்சத்திரம் தெரியணும். அடியே, காம்பு அந்தப் பக்கம்!"

கடைசி ஓலைக்கு அவன் இடது கையை நீட்டினான். காம்பை அவன் உந்த, நுனியை அவள் இழுத்து வைத்தாள். அப்புறம்தான் ஓடிப்போய்ப் பண்டிகை விளக்கேற்றினாள்.

ரவைக்குள் இறைச்சி வைத்துச் சூப்பில் வேகவைத்த கூபே உருண்டைகளை இடது கையாலேயே மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான் ஷாபோ. பாதியில் ஒரு துளி மழை சூப்பில் விழுந்தது. ரெண்டாவது துளி ஹத்தூன் நெற்றியில்.

"குளிர்காலத்துக்குள்ள தகரத்தைத் திரும்பப் போட்டுடணும்" என்றான்.

"யாரு போடுறதாம்?"

அவன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான்.

"நான்தான். நாளைக்கு."