சுகிர்தத்தின் ஐந்து கூட்டல் குறிகள்

குத்துக்கல்வலசை ஜெபசிங்குக்கு வாய் நீளம், நடை குறைச்சல். ட்ரோனைப் பறக்கவிட்டு நிலத்தை அளந்து கொடுப்பது அவர் தொழில். கூடவே மனைவி சுகிர்தமும். படம் எடுப்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை. எடுத்த ஒவ்வொரு படமும் எந்த இடத்திலிருந்து, எந்தச் சாய்வில் எடுத்தது என்று கண்டுபிடிப்பதில்தான் வீடு இரண்டு கட்சி.

சுகிர்தத்தின் கட்சி, தரையில் பெயிண்டால் கூட்டல் குறி போட்டு, ஒவ்வொன்றையும் அளந்து, படத்தை அதன்மேல் உட்கார வைப்பது. ஜெபசிங்கின் கட்சி, ட்ரோன் தன் துல்லிய ஜிபிஎஸ்ஸில் குறித்துவைத்ததை அப்படியே நம்புவது. படங்களை ஒன்றோடொன்று பொருத்தியே முடித்துவிடலாமென்று மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. சாரல் காற்றில் தென்னை ஓலை ஆடிய ஆட்டத்தில் அது டெபாசிட் இழந்துவிட்டது.

தெருவில் அவரைச் சோம்பேறி என்றார்கள். அவருக்கோ, வரப்பில் ஏறி இறங்கும்போதெல்லாம் சுகிர்தம் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பொறுக்காது. அதை வாய்விட்டுச் சொன்னால் கௌரவம் என்ன ஆவது? "நேரம் மிச்சம்ட்டி" என்றே சொல்லித் திரிந்தார்.

இலஞ்சியில் பிச்சைமணி அண்ணாச்சியின் வயலிலிருந்து ஓடைக்கு வடிகால் வெட்ட மட்டம் பார்க்கும் வேலை வந்தது. இதில் தன் வழி ஜெயித்துவிட்டால் இனி அவள் வயலில் இறங்க வேண்டாம்.

"ஒன் குறியத் தொடாமலே படம் போடுதேன். பெறவு ஒப்பிட்டுப் பாரு" என்று சவால் விட்டார். அவள் நொண்டி நொண்டிப் போய் ஐந்து குறி போட்டு அளந்து வந்தாள்.

கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒப்பிட்டார்கள். பக்கவாட்டில் இரண்டு விரற்கடைகூட வித்தியாசமில்லை. ஜெபசிங் மீசையைத் தடவினார். அடுத்து உயரம். அடப்பாவமே, அவர் படத்தில் ஐந்து இடத்திலும் ஒரு சாண் ஏற்றம்! ஓடையின் மட்டமோ அரசாங்கக் கணக்கில் உள்ளது; வயலை மட்டும் ஒரு சாண் உயர்த்திக் காட்டும் இதை நம்பி வெட்டினால் ஓடைத் தண்ணீர் அண்ணாச்சி வயலுக்கு விருந்து வந்துவிடும்.

"எல்லாத்துலயும் ஒரே அளவுதான தப்பு? ஒரு குறி போட்டாப் போதும், சரியாயிரும்."

"அது சரியான்னு பாக்க மத்தது வேண்டாமா? அஞ்சும் வேணும்."

"ஏட்டி, ஒன் முட்டி என்னத்துக்கு ஆவும்?"

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. சுகிர்தம் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுக்குத்தானா ஆறு மாசமா எங்கூட மல்லுக்கட்டுனிய?"

"பின்னே?"

"அப்பம் பெயிண்ட நீங்க தூக்கிட்டு நடங்க. ட்ரோன நான் ஓட்டுதேன்."

ஜெபசிங்குக்குக் காது சூடானது. ஆறு மாதமாக அவளுக்காக ராப்பகலாக யோசித்த மனிதருக்கு, இது மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை.