இழவு வீட்டில் எடுத்த முதல் படம்

இன்னாசிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அவன் ஸ்டுடியோவுக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வருகிறவர்கள் ஸ்டூலில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள், எடுக்கிறவன்தான் ஆடிக்கொண்டிருப்பான். விளக்கை நகர்த்துவான், திரையை இழுப்பான், வாசலுக்குப் போய்த் தபால்காரர் வருகிறாரா என்று பார்த்துவிட்டு வருவான். கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்த மனுசன் என்று அவன் மனைவி ரோசம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

தபால்காரரிடம் இவனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பெங்களூரில் ஒரு போட்டோ சங்கம் வருசத்துக்கு ஒரு தடவை கண்காட்சி வைத்தது. யார் வேண்டுமானாலும் நாலு படம் அனுப்பலாம். கருப்பு வெள்ளை, பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலம், கெட்டி அட்டையில் ஒட்டியது. மூன்று நடுவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் மார்க் போடுவார்கள். தேறினால் படம் சுவரில் ஏறும், தேறாவிட்டால் தபாலில் திரும்பும். இன்னாசியின் படங்கள் மூன்று வருசமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. தீர்த்தமலையில் சூரியோதயம், வத்தல்மலையில் மேகம், ஏரியில் கொக்கு, எல்லாம் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தன.

அவனுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? கல்யாண வீட்டில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் போட்டோ, இந்தப் பக்கம் வா" என்பார்கள். கடைசிப் பந்தியில் சோறு போடுவார்கள். எங்கேயாவது ஒரு சுவரில், ஒரே ஒரு படத்துக்குக் கீழே, தன் பேரை எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரு வெறி. வெறி என்றுதான் சொல்ல வேண்டும். வயது முப்பத்தாறு ஆகிவிட்டது, இனி எப்போது என்ற பதைப்பு அவனைத் தூங்கவும் விடவில்லை.

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்ற ஒரு ஆள் இருந்தான். பேங்க்கில் வேலை பார்த்த தர்மன். அவனுடைய படம் இரண்டு தடவை பெங்களூர் சுவரில் ஏறியிருந்தது. சாயந்தரமானால் ஸ்டுடியோவுக்கு வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, இன்னாசி எடுத்ததை எல்லாம் புரட்டிப் பார்த்து, "காலண்டருப்பா இது, காலண்டர்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவான்.

எண்பத்தாறாம் வருசம் மே மாதம். தவக்காலம் முழுக்கக் கல்யாணம் கிடையாது என்பதால், ஈஸ்டர் முடிந்ததும் கத்தோலிக்க ஊர்களில் கல்யாணங்கள் அடைமழை மாதிரி வரும். அந்த வருசம் இன்னாசி மூன்று வாரத்தில் பதினேழு கல்யாணம் எடுத்தான். பதினேழிலும் ஒரே பாட்டுத்தான்: நெருங்கி நில்லுங்க, தலையைத் தூக்குங்க, கொஞ்சம் சிரிங்க. பதினெட்டாவதாக வந்தது கல்யாணமில்லை, சாவு. பாலக்கோடு ரோட்டில் ஒரு கிராமம். மதலேனம்மாள் என்ற கிழவி இரண்டு வருசம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்திருந்தாள். பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பம் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்வது அங்கெல்லாம் வழக்கம்.

இன்னாசியின் கேமரா மேலிருந்து குனிந்து பார்க்கிற வகை. குனிந்துவிட்டால் கண்ணாடிக்குள் தெரிகிற சின்னச் சதுரம்தான் உலகம். பெட்டிக்குள் கிழவி, கையில் ஜெபமாலை. கால்மாட்டில் மகன் சவரி, பக்கத்தில் இரண்டு மகள்கள், பேரன் பேத்திகள், பின்வரிசையில் ஓரமாக மருமகள் மிக்கேலம்மாள். "நெருங்கி நில்லுங்க" என்றான். நின்றார்கள். "தலையைத் தூக்குங்க" என்றான். தூக்கினார்கள்.

"கொஞ்சம் சிரிங்க."

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வாய் பழகிவிட்டது, அவ்வளவுதான். சொல்லி முடித்த மறுகணமே, பழக்கத்தில், விரலும் அமுக்கிவிட்டது. அதற்குள் பத்துப் பதினோரு முகம் அவனை எரித்துவிடுகிற மாதிரி முறைத்தன. மூத்த மகள் வாயைத் திறந்து வைவதற்குள், ஐயோ தெரியாம வந்துருச்சுங்க என்று கையெடுத்துக் கும்பிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, இன்னொரு படம் ஒழுங்காக எடுத்தான். முதல் படத்தின்போது எல்லாரும் அவனையே முறைத்துக்கொண்டிருந்ததால் ஒருவரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மட்டும்தான் கண்ணாடிக்குள் பார்த்தான். மிக்கேலம்மாள் சிரித்துவிட்டிருந்தாள். வாய் விட்டு, பல் தெரிய. மறுநொடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள்.

மறுநாளே அவள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். மெழுகுவர்த்தி வாங்க டவுனுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். கிழவியைத் தூக்கிக் குளிப்பாட்டி, மலம் எடுத்து, ஊட்டிவிட்டதெல்லாம் அவள்தானாம். கடைசி மூன்று ராத்திரி கண்ணே மூடவில்லையாம். அவன் அப்படிச் சொன்னதும் எங்கிருந்தோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஏற்கெனவே நாத்தனார்கள் இரண்டு பேரும், எங்க ஆத்தாளைச் சரியாகப் பார்க்காமல் கொன்னுபுட்டா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் படம் அவர்கள் கண்ணில் பட்டால் அந்த வீட்டில் அவளுக்கு வாழ்க்கை இல்லை.

"அந்த ஒண்ணை மட்டும் கழுவிராதீங்கண்ணா. கிழிச்சுப் போட்டுருங்க."

கட்டாயம் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று இன்னாசி சொன்னான். மனசாரத்தான் சொன்னான். ஆனால் ஒரு ரோலில் பன்னிரண்டு படம். கழுவினால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கழுவ வேண்டும். கழுவிவிட்டுக் கத்தரித்து எறியலாம் என்று நினைத்தான். கத்தரியைக் கையில் எடுத்தவன், எறியப் போகிறதுதானே, ஒரு தடவை பெரிசாகப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைத்தான். எல்லாத் திருட்டும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

இருட்டறையில், மருந்துத் தட்டில் கிடந்த தாளில் படம் மெல்ல எழும்பி வந்தபோது இன்னாசி அதன்மேல் குனிந்தான். செத்தவள் ஒருத்தி, கோபத்தில் விறைத்த முகங்கள் பத்து, பின்னால் ஓரத்தில் ஒரு பெண் சிரிக்கிறாள். பதினைந்து வருசத் தொழிலில் அவன் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை. அன்றைக்கு முழுக்க அவனால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

தர்மனிடம் காட்டியிருக்கக் கூடாது. காட்டினான். தர்மன் முதல் தடவையாக டீயை ஆறவிட்டான். இதை அனுப்பவில்லை என்றால் நீ போட்டோகிராபரே இல்லை என்றான். கொடுத்த வாக்கைப் பற்றி இன்னாசி தயங்கித் தயங்கிச் சொன்னதும், அந்த ஊர்க்காரர்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள், போட்டோ பார்க்கவா போவார்கள் என்று ஒரே போடாகப் போட்டான். படிவத்தில் படத்துக்கு இங்கிலீஷில் தலைப்பு கேட்டிருந்தது. தர்மனே எழுதினான்: 'டாட்டர் இன் லா'. மருமகள். இன்னாசிக்கு மனதில் சுருக்கென்றது. ஆனாலும் கையெழுத்துப் போட்டான்.

ஆகஸ்டில் கார்டு வந்தது. கொக்கும் மேகமும் மலையும் வழக்கம்போலத் தேறவில்லை. நாலாவது தேறியது, தேறியது மட்டுமில்லை, முதல் பரிசு. தெருவில் நின்று கார்டை நாலு தடவை படித்தான். ரோசம்மாவிடம் ஓடிச் சொன்னான். அவள் எந்தப் படம் என்று கேட்டாள். மலைப்படம் என்று பொய் சொன்னான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே விளங்கவில்லை. அன்றிலிருந்து சந்தோசம் தொண்டை வரைக்கும் வரும், அதற்குமேல் ஏறாது. பஸ் ஸ்டாண்டில் பாலக்கோடு பஸ் வந்து நின்றால் கடைக்குள் போய்விடுவான்.

செப்டம்பரில் திறப்பு விழாவுக்கு ரயிலேறிப் போனான். வெள்ளைச் சுவர், வரிசையாகப் படங்கள், அதன் நடுவில் அவனுடையது, கீழே டைப் அடித்த சீட்டில் அவன் பேர். இன்னாசி, தருமபுரி. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை மறைத்துச் சொல்வானேன், அந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் அவன் அத்தனை வருசம் அலைந்தான்.

நடுவர்களில் ஒருவர், தமிழ் தெரிந்த பெரியவர், வந்து தோளில் தட்டினார். "மாமியார் போன சந்தோசத்தை எப்படிப்பா பிடிச்சே? கள்ளி, என்னமா சிரிக்கிறா பாரு" என்றார். சுற்றி நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். அது அப்படியில்லைங்க என்று இன்னாசிக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கையில் அப்போதுதான் சர்டிபிகேட்டைக் கொடுத்திருந்தார்கள். அவனும் சிரித்தான்.

அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லாரும் அந்தச் சீட்டைப் படிப்பதும், படத்தைப் பார்ப்பதும், ஆகா மருமகள் என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வதுமாக இருந்தார்கள். ஒரு அம்மாள் தன் மருமகளையே இழுத்துவந்து காட்டினாள். இன்னாசி தூணோரம் நின்று பார்த்தான். நிற்க முடியாமல் வெளியே போனான். சாப்பிடப் போய், சொன்ன சாப்பாட்டைத் தொடாமல் எழுந்தான். தெருத்தெருவாக நடந்தான். திரும்பி வந்தபோது சங்கத்துச் செயலாளர், சாயந்தரம் பேப்பர்காரர்கள் வருகிறார்கள், பரிசுப் படம் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும், எங்கும் போய்விடாதீர்கள் என்றார். தருமபுரிக்கு அந்தப் பேப்பர் காலையிலேயே வந்துவிடும்.

"சார், இந்தப் படத்தை இறக்கிருங்க" என்றான்.

செயலாளர் நல்ல மனுசர்தான். படிவத்தை எடுத்துக் காட்டினார். தேர்வான படத்தைக் கண்காட்சி முடிகிறவரை திரும்பப் பெற முடியாது என்று அச்சடித்திருந்தது, கீழே இன்னாசியின் கையெழுத்து. மீறினால் பேரை அடித்துவிடுவோம், இனி எந்த வருசமும் அனுப்ப முடியாது, யோசித்துச் செய்யுங்கள் என்றார். இன்னாசி யோசிக்கவில்லை. யோசித்தால் இன்னொரு தடவை ஏமாந்துவிடுவான் என்று அவனுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்துவிட்டது. சர்டிபிகேட்டை மேசையில் வைத்தான். நேரே போய், ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தான். பேர் எழுதிய சீட்டு சுவரிலேயே இருந்தது.

ராத்திரியே தருமபுரி வந்து, ஸ்டுடியோவில் இருந்த நெகட்டிவையும் எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மிக்கேலம்மாள் ஊருக்குப் போனான். சவரி கழனிக்குப் போயிருந்தான். மிக்கேலம்மாள் கொல்லையில் விறகடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். இன்னாசி உறையிலிருந்து படத்தையும் நெகட்டிவையும் எடுத்து அவளிடம் நீட்டினான். வாக்குக் கொடுத்துவிட்டு மீறியது, பெங்களூருக்கு அனுப்பியது, பரிசு கிடைத்தது, இறக்கிக்கொண்டு வந்தது, எல்லாவற்றையும் நின்றபடியே கொட்டிவிட்டான். வேறு பிரதி எங்கும் இல்லை என்று மாதா மேல் சத்தியம் பண்ணினான்.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"நான் சிரிச்சா இப்பிடித்தான் இருக்குங்களா?" என்றாள்.

"ஆமாம்மா."

"எத்தினி பேரு பார்த்தாங்க?"

"நூறு பேருக்கு மேல இருக்கும்."

"என்ன பேசிக்கிட்டாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். ரோசம்மாவிடம் வந்த பொய் இங்கே வரவில்லை. "மாமியா செத்த சந்தோசத்துல சிரிக்கிறான்னு பேசிக்கிட்டாங்கம்மா" என்றான்.

களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அவள் துடுப்பை எடுத்து இரண்டு சுற்றுக் கிண்டினாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல." பிறகு அதையும் சொல்லிவிட்டான். "நானும் சேர்ந்து சிரிச்சேன்."

அவள் படத்தை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்து அடுப்பில் செருகினாள். நெகட்டிவையும் போட்டாள். அது சுருண்டு, புகைந்து, நாற்றமடித்துப் போனது.

"அத்தனை பேருக்கு நடுவுல எனக்குன்னு பேச நீங்க ஒருத்தர்தானேங்கண்ணா இருந்தீங்க" என்றாள். குரல் உயரவில்லை.

இன்னாசி தலையைக் குனிந்துகொண்டான். போய்விடலாம் என்று திரும்பியவனை, களி ஆயிருச்சு, சாப்பிட்டுட்டுப் போங்க என்றாள். இழவன்றைக்கு அத்தனை பேர் முறைத்தும் இதே வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தான். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. உட்கார்ந்தான். தட்டில் களியும் கீரைக் குழம்பும் வைத்தாள். எதிரில் அவள் இன்னொரு உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தாள். அவன் தலை நிமிராமல், அசையாமல், ஒவ்வொரு வாயாக முழுவதையும் தின்று முடித்தான்.