மூன்றடி வெட்டு, மூன்றடி விடு

1958 ஐப்பசியில் என் அம்மா ரோஷன் பேகம், உறையூர் வீட்டில் என்னை நிறைமாதமாகச் சுமந்துகொண்டு படுத்த படுக்கையாக இருந்தார். அசையவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்த ஒரே அறையில், வடக்குச் சுவரை ஒட்டிக் கிடந்தது அவர் கட்டில்.

சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனை. அங்கே மாடிவீடு கட்ட வந்தார் கான்ட்ராக்டர் ஸ்தனிஸ்லாஸ். எங்கள் சுவரோரமாக முழு நீளத்துக்கும் ஐந்தடி ஆழம் வெட்டச் சொன்னார். மண் வெட்டும் வியாகுலம்மாள் மூலையில் ஒரு குழி தோண்டிப் பார்த்தார். எங்கள் அஸ்திவாரம் இரண்டடியோடு நின்றுவிட்டது. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

நம் மனையில் நாம் வெட்ட யாரைக் கேட்க வேண்டும் என்று கான்ட்ராக்டர் கத்தினார். வியாகுலம்மாள் ஈர மண்ணில் குதிகாலை அழுத்திக் காட்டினார். பக்கத்து மண் பிதுங்கி எழுந்தது. பிதுங்கிய இடத்தில் கல்லை வைத்துவிட்டு, குதிகாலை மறுபடி அழுத்தினார். பிதுங்கவில்லை.

“அடி மண்ணு சுவரைத் தாங்குது. பக்கத்து மண்ணு அதைப் பிதுங்க விடாம அமுக்கி வச்சிருக்கு. அதை அள்ளிட்டா சுவரு புள்ளத்தாச்சி மேலதான் விழும்.”

மூன்றடி வெட்டி, மூன்றடி விட்டு, வெட்டிய இடத்தில் கட்டி முடித்தபின் மிச்சத்தை வெட்டலாம் என்றார். பத்து நாள் கூடுதலாகும். மண் சுமப்பவள் எனக்குப் பாடம் எடுக்கிறாளா என்று அவரை விரட்டிவிட்டு, மறுநாள் வேறு ஆட்களைக் கூட்டிவந்தார் அந்த மகானுபாவர்.

அவர்களுக்கு முன்பே வியாகுலம்மாள் குழிக்குள் இறங்கி, எங்கள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார் கான்ட்ராக்டர்.

“கூப்பிடுங்க. அவங்களும் இறங்கிப் பாக்கட்டும்.”

வந்த ஆட்களில் ஒருவர் இறங்கி, எங்கள் அஸ்திவாரத்தின் அடியைக் கையால் தடவிப் பார்த்தார். மேலே ஏறி, கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். கான்ட்ராக்டருக்கு வேறு வழியில்லை. மூன்றடி மூன்றடியாகத்தான் வேலை நடந்தது. நாலாவது துண்டு வெட்டிய அன்று நான் பிறந்தேன்.

சுவரைக் காப்பாற்றியதற்குப் பரிசாக, வியாகுலம்மாளை யாரும் வேலைக்குச் சேர்க்காதபடி கான்ட்ராக்டர் ஊரெல்லாம் சொல்லிவைத்தார். இரண்டு மாதம் வேலையில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

கடைசியில் ஸ்ரீரங்கத்தில் வேலை கேட்டுப் போனபோது மேஸ்திரி ஏற இறங்கப் பார்த்தாராம்.

“குழிக்குள்ள உக்காந்துக்குற பொம்பளை நீதானா?”

“ஆமாங்க. ஒழுங்கா வெட்டச் சொன்னா உக்கார மாட்டேன்.”