சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனால் அல்ஜீரியாவில் ஓரான் என்கிற துறைமுக ஊரில் எந்தக் கடையில் ரொட்டி விடிந்ததுமே தீர்ந்துபோகும், எந்தச் சந்தில் மத்தி மீன் மலிவு, எந்த மாடியிலிருந்து பெண்கள் கயிற்றில் கூடையை இறக்கிக் காய் வாங்குவார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன். பட்டம் வாங்கிய இன்ஜினியர்கள் என்னோடு அதே விமானத்தில் வந்தார்கள். ஆலையையும் விமான நிலையத்தையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். நான் ஊரைப் பார்த்தேன்.

சிமெண்ட் ஆலைச் சூளைக்குள் நெருப்புச் செங்கல் பதிப்பது என் தொழில். சூளை என்றால் நம் செங்கல் சூளை மாதிரி இல்லை. லாரி நுழைகிற அகலத்தில் படுத்துக் கிடக்கும் இரும்பு உருளை அது. உள்ளே சுற்றிலும், தலைக்கு மேலேயும் கல் பதிக்க வேண்டும். ஒரு கல் சரிந்தால் ஆலையே நின்றுவிடும். அரியலூர்ப் பக்கம் நான் பதித்த சூளையில் கல் விழுந்தது என்று ஒருவன் சொல்லட்டும், மீசையை எடுத்துவிடுகிறேன். அதனால்தான் ஐம்பத்தெட்டு வயதில் என்னைத் தேடி வந்து கூப்பிட்டார்கள். திருமானூர், கீழப்பழுவூர் ஆட்கள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

தங்குவதற்கு ஆலைக்குப் பின்னால் இரும்புப் பெட்டி மாதிரி ஓர் அறையைக் காட்டினார்கள். "என் ஆளுங்க பொட்டிக்குள்ள படுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு நானே ஊருக்குள் வீடு தேடினேன். குடும்பங்கள் இருக்கிற தெருவில் தனி ஆண்களுக்கு வீடு கிடைக்காது, நம் ஊர் மாதிரிதான். நான் விடவில்லை. ஒரு மாதம் தினமும் சாயங்காலம் ஒரே காபிக் கடையில் போய் உட்கார்ந்தேன். அங்கே ஆண்கள் சின்னக் கிளாஸில் கொஞ்சம் காபியை வைத்துக்கொண்டு இருட்டும் வரை டொமினோ ஆடுவார்கள். பாஷை தெரியாமலே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவரை வரிசையாக மூன்று நாள் ஜெயித்தேன். நான்காம் நாள் அவர் தன் வீட்டு மாடியைத் திறந்து காட்டினார். தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தபோது, அவர் நெஞ்சில் கையை வைத்து ஏதோ சொன்னார். எல்லாரும் கலைந்து போனார்கள். எங்களுக்கு அவர் பொறுப்பு ஏற்றுக்கொண்டார் என்பது எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கீழ் வீட்டிலிருந்து பெரிய தட்டு வரும். கோதுமை ரவையை ஆவியில் உதிரியாக வேகவைத்து, மேலே கறியும் பூசணியும் கொண்டைக்கடலையும் குழம்போடு ஊற்றியிருக்கும். கூஸ்கூஸ் என்பார்கள். செய்வது வீட்டுக்காரரின் தாயார். நாங்கள் தட்டைக் காலியாகத் திருப்பித் தராமல் புளிச்சோறு வைத்து அனுப்புவோம். அந்த அம்மாள் அதைச் சாப்பிட்டுவிட்டு மாடியைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டிக் காட்டுவார்.

அவர் ஒரு நாள் காலையில் இறந்துபோனார்.

நாங்கள் ஆறு பேரும் வேலைக்குப் போகவில்லை. தெருவில் பந்தல் போட்டார்கள். அவர்கள் கட்டிய கட்டு எனக்குப் பிடிக்காமல் அவிழ்த்து நானே கட்டினேன், காற்றுக்கு அசையவில்லை. நாற்காலி எல்லாம் நாங்கள்தான் சுமந்தோம். அடக்கம் முடிந்து திரும்பியதும் பக்கத்து வீடுகளில் சமைத்த சாப்பாடு பந்தலுக்கு வந்தது. என் முன்னாலும் தட்டு வைத்தார்கள். சாவு வீட்டில் எப்படிச் சாப்பிடுவது? தட்டை மெல்லத் தள்ளி வைத்தேன். நம் வழக்கப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து மாடிக்கு வந்தேன். ஆட்களும் பின்னாலேயே வந்தார்கள். டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஆளுக்கு இரண்டு வாளி, கட்டிய துணியோடு தலையில் ஊற்றிக்கொண்டோம். செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தோம் என்ற திருப்தியோடு துணி மாற்றினேன்.

மறுநாள் வீட்டுக்காரர் என் சலாமுக்குப் பதில் சொல்லவில்லை. அதற்கு மறுநாள் தெருவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்கு விளங்கவில்லை. லப்பைக்குடிக்காட்டில் எனக்கொரு சிநேகிதர் உண்டு, துபாயில் இருபது வருஷம் கடை வைத்திருந்த பாய். அவருக்குப் போன் போட்டு, போனை வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். வீட்டுக்காரர் நின்றபடி வெகுநேரம் பேசிவிட்டு என்னைப் பார்க்காமல் போனை நீட்டினார்.

"அண்ணே, என்னண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றார் பாய்.

"ஒண்ணும் பண்ணலயே பாய். பந்தலே நான்தான் கட்டினேன்."

"அதையும் சொல்றாரு. அப்புறம் சோத்துத் தட்ட தள்ளிட்டீங்களாம். ஒரு வார்த்த சொல்லாம எந்திரிச்சிப் போயிட்டீங்களாம். மேல போயி ஆறு பேரும் தலையில தண்ணி ஊத்துனீங்களாம். அது குழா வழியா பந்தல்ல ஒக்காந்திருந்தவங்க மேல கொட்டுச்சாம்."

"சாவு வூட்டுக்குப் போயிட்டு குளிக்காம எப்புடி பாய்?"

"எனக்குத் தெரியும்ண்ணே. அவருக்குத் தெரியுமா? எங்கம்மா என்ன அழுக்கான்னு கேக்குறாரு."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நம்ம வழக்கத்த எடுத்துச் சொன்னீங்களா?"

"சொன்னேன். நான் பேசுறது துபாய் அரபி, அவரு பேசுறதுல பாதி பிரெஞ்சு. எவ்வளவு போயி சேந்துச்சோ! மாசக் கடைசில காலி பண்ணச் சொல்றாருண்ணே."

இரும்புப் பெட்டிக்குத் திரும்பினால் என் ஆட்கள் முன்னால் என் பேச்சு எடுபடாது, அது ஒரு பக்கம். அதைவிட, எங்களுக்காக நெஞ்சில் கை வைத்த மனிதரைத் தெரு முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேனே என்பதுதான் உறுத்தியது. கல் தப்பாக உட்கார்ந்தால் அதற்கு விளக்கம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பெயர்த்துவிட்டு மறுபடியும் பதிக்க வேண்டும். பாயைப் போனிலேயே இருக்கச் சொன்னேன்.

அன்று மூன்றாம் நாள். பந்தலில் மறுபடி சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். நேராகப் போய் வீட்டுக்காரருக்கு எதிரே உட்கார்ந்து, நானே ஒரு தட்டை இழுத்துக்கொண்டேன். முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். இரண்டாவது வாயில், ரவை குழைந்திருப்பது தெரிந்தது. அந்த அம்மாள் குழைய விட்டதே இல்லை. தட்டைக் காலி செய்தேன்.

எழுந்தேன். அறுபது வயதை நெருங்குகிறவன், எத்தனையோ சாவு வீட்டுக்குப் போனவன், ஒரு வீட்டிலும் சொல்லாத வார்த்தையை நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன்.

"போயிட்டு வரேங்க."

போனை அவர் பக்கம் நீட்டினேன். பாய் என்ன சொன்னாரென்று பிற்பாடு என்னிடம் சொன்னார்: "திரும்பி வருவேன்னு சொல்றாரு. சாவு வூட்டுல எங்காளுங்க இத சொல்லவே மாட்டாங்க, மறுபடி சாவு வந்துரும்னு பயம். உங்களுக்காகச் சொல்லிட்டாரு."

வீட்டுக்காரர் போனைத் திருப்பிக் கொடுத்தார். நான் மாடிப்படி ஏறினேன். அவரும் பின்னாலேயே ஏறி வந்தார்.

மேலே என் ஆட்கள் எனக்காக இரண்டு வாளி தண்ணீர் எடுத்து வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் வாளிகளையும் என்னையும் பார்த்தார்.

"டிரம்முல ஊத்துங்கடா" என்றேன்.

"அண்ணே, தலைக்கு ஊத்திக்காமயா?" என்றான் திருமானூர்க்காரன்.

"ஊத்துடான்னா."

ஒரு வாளியை ஊற்றினான். இரண்டாவதைத் தூக்கும்போது வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். மசூதியில் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, அந்த வாளித் தண்ணீரில் நிதானமாகக் கையையும் முகத்தையும் காலையும் கழுவிக்கொண்டார். பிறகு என் தோளைப் பிடித்து எழுந்து, தொழுகைக்குக் கீழே இறங்கிப் போனார்.

சூளையை முடித்து நெருப்பு மூட்டும் வரை அந்த வீட்டில்தான் இருந்தோம்.